பழைய பாகங்களில் வீட்டு டிராஃப்டிங் கம்ப்யூட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் உட்கார்ந்து கட்டடப் பிளான் போட்டுக் கொடுக்க நினைக்கும் பலரும் கம்ப்யூட்டர் விலையைக் கேட்டதும் தயங்கி நின்றுவிடுகிறார்கள். பாலிடெக்னிக்கில் சிவில் முடித்த பிள்ளைகள், குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு மறுபடி தொடங்க நினைக்கும் பெண்கள், ஓய்வு பெற்ற டிராஃப்ட்ஸ்மேன்கள் எனப் பலர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நானும் இதே வேலையில்தான் இருக்கிறேன். ஒரு அலுவலகம் கழித்துவிட்ட பெட்டியில்தான் இன்றும் வரைகிறேன். புதிதாக ஒன்று வாங்கக் கடன் வாங்க வேண்டிய அவசியம் இந்த வேலைக்கு இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பழைய கம்ப்யூட்டரில் ஆட்டோகேட் ஒழுங்காக ஓடுமா?

ஆட்டோகேட் என்பது பிளான் வரையும் மென்பொருள். இரு பரிமாண வேலைக்கு ஓடும். அரை கிரவுண்டு மனையில் தரைத்தளமும் மாடியும் கொண்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிளான், எலிவேஷன், செக்‌ஷன், சைட் பிளான், காலம் (தூண்) மார்க்கிங், படிக்கட்டு விவரம், செப்டிக் டேங்க், மழைநீர் சேகரிப்பு எல்லாம் சேர்ந்தாலும் சில எம்பி அளவுள்ள ஃபைல்தான். பத்து வருஷப் பழைய ஐ5 பிராசஸர் இதைத் தாராளமாகத் தாங்கும்.

காரணம், ஆட்டோகேட் தன் வேலையில் பெரும்பகுதியை பிராசஸரின் ஒரே ஒரு கோரில்தான் (உள்ளே தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) செய்கிறது. ஆஃப்செட், ட்ரிம், காப்பி, ஹேட்ச் என எந்த கமாண்டைக் கொடுத்தாலும் அந்த ஒரு கோர் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதுதான் கணக்கு. 2013ல் அலுவலகங்களுக்குப் போன ஐ5-4570 பிராசஸரின் அடிப்படை வேகம் 3.2 கிகாஹெர்ட்ஸ், தேவைப்பட்டால் 3.6 வரை ஏறும். ஆட்டோகேட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் கம்பெனி சமீப வருஷப் பதிப்புகளுக்குக் கேட்கும் குறைந்தபட்சம் 2.5 முதல் 2.9 வரை. அதை இது தாண்டியே நிற்கிறது.

ரெவிட், லூமியன் போன்ற முப்பரிமாண மென்பொருள்கள், எலிவேஷனை நிஜம்போல ரெண்டர் செய்வது இவையெல்லாம் வேறு. ரெவிட்டுக்குத் தொடக்கமே 16 ஜிபி ராம். அந்த வேலைதான் வேண்டும் என்றால் இந்தப் பக்கம் உங்களுக்குப் பயன்படாது.

எவ்வளவு பழையது வரைக்கும் போகலாம்?

இன்டெல் என்றால் பெயருக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-2400 இரண்டாம் தலைமுறை, ஐ5-4570 நான்காம் தலைமுறை, ஐ5-8500 எட்டாம் தலைமுறை. இப்படி நாலு இலக்க எண் என்றால் முதல் இலக்கமே தலைமுறை.

கோர் 2 டுயோ, டிடிஆர்2 ராம் உள்ள பெட்டிகளில் காசு போட வேண்டாம். இரண்டு, மூன்றாம் தலைமுறைப் பெட்டி வீட்டிலேயே சும்மா கிடக்கிறது என்றால் எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தலாம். அதற்காகக் கடைக்குப் போய் வாங்க வேண்டாம். காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் ஆறாம் தலைமுறையில் தொடங்குங்கள். எட்டாம் தலைமுறை கிடைத்தால் மிகவும் நல்லது. அதில் ஐ3-8100கூட நாலு கோரும் 3.6 கிகாஹெர்ட்ஸும் உள்ளது, வரைய அதுவே போதும். எட்டுக்கு ஏன் இந்த மரியாதை என்பது விண்டோஸ் கேள்வியில் வரும்.

எட்டு கோர் ஸியான் மலிவாகக் கிடைக்கிறது. அது இன்னும் நல்லதுதானே?

வரைகிறவருக்கு இல்லை. ஸியான் என்பது இன்டெல்லின் சர்வர் வகை பிராசஸர். சர்வர்களிலிருந்து கழித்த ஸியான் இ5-2670 எட்டு கோர் உள்ளது, ஆனால் அடிப்படை வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 3.3. ஒரு கோரை மட்டும் நம்பியிருக்கும் வேலையில் மற்ற ஏழும் சும்மா உட்கார்ந்திருக்கும். ஒரு நீளமான சுவரை ட்ரிம் செய்யும்போது சாதாரண ஐ5 பெட்டி இதை முந்திவிடும்.

கரண்ட் கணக்கையும் பாருங்கள். ஐ5 ஆபீஸ் பெட்டியும் ஒரு மானிட்டரும் வரையும்போது சுமார் 70 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் 8 மணி நேரம், இரண்டு மாதத்தில் 50 நாள் வேலை என்றால் 28 யூனிட். பெரிய ஸியான் பெட்டியும் பழைய கேமிங் கார்டுமாக 200 வாட் போனால் 80 யூனிட். நம் மின்கட்டணம் இரண்டு மாதக் கணக்கு. 500 யூனிட் கோட்டை ஒட்டி நிற்கும் வீட்டில் இந்த வித்தியாசமே உங்களை அடுத்த கட்டணத்துக்குத் தள்ளிவிடலாம்.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டதே, இப்போது என்ன செய்வது?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. வீட்டு உபயோகக்காரர்கள் நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சத்துக்கும் கீழே இறங்காது. எட்டாம் தலைமுறைப் பெட்டிக்கு நாலு காசு கூடக் கொடுக்கலாம் என்று சொல்வது இதனால்தான்.

குறுக்கு வழியில் பழைய பெட்டியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறோம் என்பார்கள். ஏறும்தான். ஆனால் மைக்ரோசாஃப்ட் அதற்குப் பொறுப்பேற்பதில்லை, அப்டேட் எந்த நாளும் நின்றுபோகலாம். வாடிக்கையாளரின் பத்திரமும் பட்டாவும் ஆதார் நகலும் உள்ள கம்ப்யூட்டரில் அப்படி ஒரு நிலையை நான் விரும்பமாட்டேன். நாலாம் தலைமுறைப் பெட்டிதான் கையில் இருக்கிறது என்றால் லினக்ஸ் மின்ட் ஏற்றுங்கள். லிப்ரேகேட், க்யூகேட், ஃப்ரீகேட் மூன்றும் அதில் நன்றாக ஓடும். பணம் கட்டி வாங்கும் பிரிக்ஸ்கேட்டுக்கும் லினக்ஸ் பதிப்பு உண்டு. ஆட்டோகேட்டுக்கு இல்லை.

பரணில் கிடக்கும் பழைய பெட்டியில் எதை எடுப்பது, எதை விடுவது?

முதலில் பெட்டியைத் திறந்து வெளிச்சத்தில் மதர்போர்டைப் பாருங்கள். பிராசஸரைச் சுற்றிச் சின்னச் சின்ன உருளைகளாக கெபாசிட்டர்கள் நிற்கும். பல போர்டுகளில் அவற்றின் தலையில் கூட்டல் குறிபோல ஒரு கீறல் இருக்கும். தலை தட்டையாக இருந்தால் சரி. இட்லி மாதிரி உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் ஏதாவது கசிந்து காய்ந்திருந்தாலோ அந்த போர்டை ஒதுக்கிவிடுங்கள். அது இன்று ஆன் ஆகலாம்; ஆனால் நாளை மாலை கொடுக்க வேண்டிய பிளானை நம்பி அதில் வரைய முடியாது.

போர்டு நன்றாக இருந்தால் சுத்தம் செய்யும் வேலை. பெயின்ட் பிரஷும் கை ப்ளோயரும் போதும். காற்று அடிக்கும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுழலவிட்டால் பேரிங் கெடும். பிராசஸர் மேலிருக்கும் ஹீட்சிங்கைக் கழற்றினால் அடியில் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருக்கும். அதை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து மூடுங்கள். பழைய பெட்டி திணறுகிறது என்று தூக்கிப் போடப்பட்டதற்குப் பல சமயம் இந்தக் காய்ந்த பேஸ்ட்தான் காரணம். சூடேறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

போர்டில் உள்ள காசு அளவு பேட்டரி சிஆர்2032. அதைக் கேட்காமலே மாற்றிவிடுங்கள். அது செத்திருந்தால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருஷம் பின்னால் போய் நிற்கும்; இணையதளங்கள் பாதுகாப்புப் பிழை காட்டும், கேட் (வரையும்) மென்பொருளின் லைசென்ஸில் லாகின் ஆகாது. காரணம் தெரியாமல் விண்டோஸையே மறுபடி ஏற்றுகிறவர்கள் உண்டு.

பெட்டிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பழைய எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பெயர் தெரியாத 450 வாட் டப்பா பழசாகிப் போனால் தன்னோடு போர்டையும் டிஸ்க்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். நல்ல பிராண்டில் புதிதாக ஒன்று வாங்குங்கள், இந்தப் பெட்டிக்குச் சிறிய வாட்டேஜே போதும். டெல், ஹெச்பி பிராண்டட் பெட்டியின் சொந்த எஸ்எம்பிஎஸ் பொதுவாகத் தரமானது, அது ஓடும்வரை ஓடட்டும். ஆனால் அவற்றில் பல மாடல்களின் போர்டில் வழக்கமான 24 முனை இணைப்பு இருக்காது, 6 அல்லது 8 முனைதான். கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் அப்படியே பொருந்தாது, மாடல் எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். எந்த எஸ்எம்பிஎஸ்ஸையும் நீங்களே திறக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே நேர்மின்சாரமாக மாறி 300 வோல்ட்டுக்கு மேல் கெபாசிட்டரில் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும்.

கேபினட், சாட்டா கேபிள், ஸ்க்ரூ, கேஸ் ஃபேன், டிவிடி டிரைவ் எல்லாம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஐந்து வருஷத்துக்கு முன் செய்த வீட்டின் பிளானை சிடியில் கொண்டு வருகிற வாடிக்கையாளர் இப்போதும் உண்டு.

பழைய ஹார்டு டிஸ்க் நன்றாகத்தானே ஓடுகிறது, எஸ்எஸ்டி எதற்கு?

செலவு செய்யப்போகும் முதல் ரூபாய் எஸ்எஸ்டிக்குத்தான் (சுழலும் பாகமே இல்லாத சிப் டிஸ்க்) போக வேண்டும். ஹார்டு டிஸ்க் ஒரு இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஊசியை நகர்த்தவே சுமார் பத்து மில்லிவிநாடி எடுக்கும். விண்டோஸும் ஆட்டோகேட்டும் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடும், அந்தக் காத்திருப்புதான் நமக்கு ‘பழைய கம்ப்யூட்டர் மந்தம்’ என்று தெரிகிறது.

ஹெச்61 என்ற பழைய வகை மதர்போர்டு உள்ளவர்கள் சந்தேகப்படுவார்கள். அதில் டிஸ்க்கை இணைக்கும் வழி சாட்டா 2 மட்டும்தான், விநாடிக்கு 300 எம்பிக்கு மேல் போகாது, புது எஸ்எஸ்டியின் முழு வேகம் வராது. பரவாயில்லை, தேடும் நேரம் குறைவதுதான் நமக்கு முக்கியம். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள், 256 ஜிபி போதும். போர்டிலேயே செருகும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வேண்டாம், இவ்வளவு பழைய போர்டுகள் அதிலிருந்து பூட் ஆகாது. விண்டோஸ் ஏற்றுவதற்கு முன்னால் பயாஸில் (ஆன் செய்ததும் நுழையக்கூடிய போர்டின் அமைப்புத் திரை) சாட்டா மோடு ஐடிஇ என்று இருந்தால் ஏஹெச்சிஐ என்று மாற்றிவிடுங்கள்.

பழைய ஹார்டு டிஸ்க்கை இரண்டாவது டிஸ்க்காக பேக்கப்புக்கு வைக்கலாம். அதற்கு முன் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். ரீஅலொகேட்டட் செக்டர், கரன்ட் பென்டிங் செக்டர் இந்த இரண்டு வரியிலும் எண் ஏறியிருந்தால் அந்த டிஸ்க்கில் ஒரு வீட்டின் பிளானைக்கூட நம்பி வைக்காதீர்கள்.

ராம் எவ்வளவு வேண்டும்? பழசைக் கலந்து போடலாமா?

8 ஜிபி கட்டாயம். ஒரு பக்கம் கேட், ஒரு பக்கம் பிரவுசர், இன்னொரு பக்கம் எக்ஸலில் எஸ்டிமேட் என்று வேலை செய்கிறவர்களுக்கு 16 ஜிபி நிம்மதி. ஹெச்61, ஹெச்81 போர்டுகளில் இரண்டே ஸ்லாட், மொத்தம் 16 ஜிபிதான் ஏற்கும்.

ஒரே 8 ஜிபி குச்சியைவிட இரண்டு 4 ஜிபி குச்சிகள் மேல், ஏனென்றால் இரண்டு சேனலும் ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டியில் திரைக்குப் போகும் வேகமும் இந்த ராமிலிருந்துதான் வருகிறது. வேறு வேறு கம்பெனி ராமைக் கலந்து போடலாம், குறைந்த வேகத்துக்கு இரண்டும் இறங்கி ஓடும். போட்டபின் ஒரு இரவு முழுக்க ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்தக் குச்சி வேண்டாம். ஆன் ஆகாமல் பீப் சத்தம் மட்டும் வந்தால் பதற வேண்டாம்: ராமைக் கழற்றி, தங்க நிறப் பற்களை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மறுபடி செருகிப் பாருங்கள்.

‘16 ஜிபி ஒரே குச்சி, பாதி விலை’ என்று யாராவது கொடுத்தால் ஸ்டிக்கரைப் படியுங்கள். ரெஜிஸ்டர்டு ஈசிசி என்றோ, எண்ணின் கடைசியில் ஆர் என்ற எழுத்தோடோ இருந்தால் அது சர்வர் ராம். சாதாரண டெஸ்க்டாப் போர்டில் ஸ்லாட்டில் உட்காரும், ஆனால் ஓடாது.

கிராபிக்ஸ் கார்டு தனியாக வாங்க வேண்டுமா?

முதல் நாளே வேண்டாம். பிராசஸரில் உள்ள கிராபிக்ஸில் ஒரு மாதம் வரைந்து பாருங்கள். பெரிய ஃபைலில் ஜூம் செய்யும்போது திரை தடுக்குகிறது என்று தெரிந்தால் அப்போது யோசிக்கலாம்.

வாங்கும்போது எத்தனை ஜிபி என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். கேட்க வேண்டியது நினைவகத்தின் வேகம். ஆட்டோடெஸ்க் குறைந்தபட்சமாகக் கேட்பது விநாடிக்கு 29 ஜிபி. 1600 வேக டிடிஆர்3 ராம் இரண்டு குச்சி போட்டால் 25.6 வருகிறது. கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் இரு பரிமாண வேலை நடந்துவிடும். ஒரே குச்சி என்றால் 12.8, அங்கேதான் தடுக்கல் தெரிகிறது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கடையில் மலிவாகத் தொங்கும் கார்டுகளைப் பாருங்கள். ஜிடி 710ன் டிடிஆர்3 கார்டு 14.4 ஜிபிதான் தரும். அதை வாங்கிப் போட்டால் ஏற்கெனவே இருந்ததைவிட மோசமாகலாம். ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் உண்டு: ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ளது 48 ஜிபி, டிடிஆர்4 உள்ளது 16.8. அட்டைப்பெட்டியின் மேல் பெரிய எழுத்து இரண்டிலும் ஒன்றுதான். சின்ன எழுத்தைப் படிக்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

என் கைக்குப் பிடித்தது அலுவலகங்களிலிருந்து கழித்து வரும் க்வாட்ரோ பி600, பி620 கார்டுகள். இரண்டும் 2 ஜிபி, வேகம் 64 ஜிபிக்குக் குறையாது, 40 வாட்தான் இழுக்கும், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயர் தேவையில்லை. ஒல்லியான ஆபீஸ் கேபினட்டில் அரை உயரப் பட்டையோடு உள்ளே போய்விடும். வெளியே வருவது மினி டிஸ்ப்ளேபோர்ட், அதற்கான கன்வெர்ட்டரையும் கடையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

மானிட்டருக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

பெட்டிக்கு ஆகும் செலவில் பாதியாவது ஒதுக்குங்கள் என்பேன். நாள் முழுக்க நீங்கள் பார்க்கப்போவது இதைத்தான்.

பழைய 18.5 அங்குல மானிட்டர்கள் 1366க்கு 768. மேலே ரிப்பன், கீழே கமாண்ட் வரி, பக்கத்தில் லேயர் பலகை எல்லாம் இடத்தைப் பிடித்தது போக, வீட்டுப் பிளானைத் தபால்தலை அளவில் பார்த்து வரைய வேண்டியிருக்கும். 24 அங்குல 1920க்கு 1080 மானிட்டரில் புள்ளிகள் ஏறக்குறைய இரட்டிப்பு. ஐபிஎஸ் பேனலில் அலுவலகங்கள் கழித்த டெல், ஹெச்பி மானிட்டர்கள் ரீஃபர்பிஷ்டு கடைகளில் கிடைக்கும். வெள்ளைத் திரையும் கறுப்புத் திரையும் மாற்றி மாற்றிப் போட்டு இறந்த புள்ளி, மஞ்சளான ஓரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் கிடக்கும் பழைய 19 அங்குலச் சதுர மானிட்டரைத் தூக்கிப் போடாதீர்கள், இரண்டாவது திரையாக அது அருமையானது. 1280க்கு 1024. அதில் எஃப்எம்பி (நில அளவைப் புத்தக) ஸ்கெட்ச்சையோ, இன்ஜினீயர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கைவரைபடத்தையோ திறந்து வைத்துக்கொண்டு, பெரிய திரையில் வரையலாம். மாறி மாறி விண்டோவைத் திறக்கும் வேலையே இல்லை.

கேபிளில் ஒரு விஷயம். முக்கியத் திரைக்கு நீல நிற விஜிஏ வேண்டாம். அது அனலாக், ஒரு புள்ளி அகலக் கோடுகள் ஓரத்தில் மங்கி இரட்டையாகத் தெரியும், சாயங்காலத்துக்குள் கண் வலிக்கும். டிஸ்ப்ளேபோர்ட், ஹெச்டிஎம்ஐ, டிவிஐ எது இருந்தாலும் அதை முக்கியத் திரைக்குக் கொடுத்து, விஜிஏவை இரண்டாவதற்கு வையுங்கள்.

மவுஸ், கீபோர்டு பழையதே போதுமா?

கீபோர்டு போதும், வலது பக்கம் எண் பலகை உள்ளதாக இருக்கட்டும். அளவுகளை அங்கிருந்துதான் தட்டப்போகிறோம்.

மவுஸ் மட்டும் புதிது. கேட் வேலையில் நடுச் சக்கரம்தான் உயிர்: உருட்டினால் ஜூம், அழுத்திப் பிடித்தால் பான், இரண்டு முறை தட்டினால் வரைபடம் முழுதும் திரைக்குள் வரும். தேய்ந்த சக்கரம் முன்னால் உருட்டும்போது ஒரு முறை பின்னால் குதிக்கும். கடையிலேயே சக்கரத்தை மெதுவாக உருட்டிப் பாருங்கள், அழுத்திப் பாருங்கள். விரலுக்கு ஒவ்வொரு படியும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒயர் உள்ள சாதாரண ஆப்டிக்கல் மவுஸ் போதும்.

அண்ணா, என்னிடம் திரை உடைந்த லேப்டாப்தான் இருக்கிறது. அதில் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும் தம்பி. ஹெச்டிஎம்ஐ வழியாக ஒரு மானிட்டரை இணைத்து, வெளியே கீபோர்டும் மவுஸும் போட்டு டெஸ்க்டாப் மாதிரியே வைத்துக்கொள். எஸ்எஸ்டி மாற்று, ராம் ஸ்லாட் காலியாக இருந்தால் நிரப்பு. பிராசஸர் எண்ணின் கடைசியில் யு என்ற எழுத்து இருந்தால் அது மின்சாரம் மிச்சம் பிடிக்கும் வகை. ஐ5-4200யு இரண்டே கோர், அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ். படிப்புக்குப் போதும், காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு டெஸ்க்டாப் பெட்டி வாங்கும்வரை ஓட்டலாம்.

பேட்டரி உப்பியிருக்கிறதா என்று முதலில் பார். டச்பேடு மேலெழும்பியிருந்தாலோ அடிமூடி சரியாக மூடாமல் இருந்தாலோ அதுதான் அறிகுறி. கழற்றி எடுத்துவிடு, அழுத்தாதே, குத்தாதே. பல லேப்டாப்கள் பேட்டரி இல்லாமல் சார்ஜரிலேயே ஓடும்.

மென்பொருளுக்கு என்ன செய்வது? கிராக் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்களே.

வேண்டாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கிராக் போடும்போது முதலில் கேட்பதே ‘ஆன்டிவைரஸை அணைத்துவிடு’ என்பது. அடுத்தவர் வீட்டுப் பத்திரங்கள் உள்ள கம்ப்யூட்டரில் யார் என்றே தெரியாத ஒருவர் எழுதிய நிரலுக்குக் கதவைத் திறந்துவிடுகிறோம்.

படிக்கிறவர்களுக்கு ஆட்டோடெஸ்க் ஒரு வருஷ இலவச லைசென்ஸ் தருகிறது, தகுதி இருக்கும்வரை புதுப்பிக்கலாம். அதில் காசு வாங்கும் வேலை செய்யக்கூடாது. தொழிலாகச் செய்கிறவர்களுக்கு ஆட்டோகேட் வருடச் சந்தா கனமாக இருந்தால், ஒருமுறை பணம் கட்டி வைத்துக்கொள்ளும் இசட்டபிள்யூகேட், ஜிஸ்டார்கேட், பிரிக்ஸ்கேட் உண்டு. கமாண்டுகள் பெரும்பாலும் அதே, ஃபைலும் ஆட்டோகேட்டின் டிடபிள்யூஜி வகைதான். வேலை வரத் தொடங்கியதும் இவற்றில் ஒன்றை வாங்குவதுதான் நியாயமான வழி என்று நினைக்கிறேன்.

காசே இல்லாமல் தொடங்க லிப்ரேகேட் இருக்கிறது. அது டிஎக்ஸ்எஃப் என்ற வேறொரு ஃபைல் வகையில் சேமிக்கும், டிடபிள்யூஜியாகச் சேமிக்காது. இன்ஜினீயர் டிடபிள்யூஜி கேட்டால் ஓடிஏ ஃபைல் கன்வெர்ட்டர் என்ற இலவசக் கருவியில் மாற்றி அனுப்பலாம். அனுப்புவதற்கு முன் ஹேட்ச்சும் டைமென்ஷனும் அப்படியே வந்திருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பாருங்கள்.

எல்லாம் மாற்றியும் ஒரு ஃபைல் மட்டும் இழுத்துக்கொண்டே திறக்கிறது. ஏன்?

ஃபைலில் குப்பை சேர்ந்திருக்கிறது. அடுத்தவர் பிளானிலிருந்து கார், மரம், சோபா பிளாக்குகளை காப்பி செய்யும்போது அவர்களுடைய லேயர்களும் ஸ்டைல்களும் கூடவே வந்து தங்கிவிடும். பர்ஜ் கொடுத்துப் பயன்படாதவற்றை நீக்குங்கள், ஓவர்கில் கொடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை எடுங்கள், ஆடிட் கொடுத்துப் பிழை திருத்துங்கள். ஓடு, புல்தரை போன்ற நெருக்கமான ஹேட்ச்சைத் தனி லேயரில் வைத்து, வரையும்போது ஃப்ரீஸ் செய்யுங்கள். ஸ்கேன் செய்த ஸ்கெட்ச்சை 600 டிபிஐயில் இணைக்க வேண்டாம், கோடு தெரிகிற அளவுக்குக் குறைத்து இணையுங்கள். ஆயிரம் ரூபாய் பாகம் செய்யாத வேலையைச் சில சமயம் பர்ஜ் செய்துவிடும்.

கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் இருக்கிறேன்.

600 விஏ யுபிஎஸ் வாங்குங்கள், பொதுவாக 360 வாட் தாங்கும், இந்தப் பெட்டிக்குத் தாராளம். பழைய யுபிஎஸ் இருந்தால் பெரும்பாலும் போயிருப்பது பேட்டரிதான், 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி மாற்றினால் மறுபடி எழுந்துவிடும். லேசர் பிரிண்டரை அதில் செருகாதீர்கள். எர்த் சரியாக இல்லாத வீட்டில் கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கும், எலெக்ட்ரீஷியனை அழைத்து அதை முதலில் சரிசெய்யுங்கள்.

ஆட்டோகேட்டில் தானாகச் சேமிக்கும் இடைவெளி 10 நிமிடம் என்று இருக்கும், 5 ஆக்குங்கள். ஃபைல் கெட்டுப்போனால் அதே ஃபோல்டரில் பிஏகே என்று முடியும் நகல் இருக்கும். அதன் முடிவை டிடபிள்யூஜி என்று மாற்றினால் முந்தைய சேமிப்பு திறக்கும்.

பிளாட்டர் வாங்க வேண்டுமா?

பெரிய தாளில் பிளான் அச்சிடும் அந்த இயந்திரம் வேண்டவே வேண்டாம். பிடிஎஃப்பாக பிளாட் செய்து ஊரில் உள்ள பிளாட்டிங் கடைக்கு அனுப்புங்கள். ‘ஃபிட் டு பேஜ்’ போடாமல் அசல் அளவில் எடுக்கச் சொல்லுங்கள், வந்ததும் ஒரு சுவரை ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

எங்கே வாங்குவது, என்ன பார்த்து வாங்குவது?

சென்னையில் மவுண்ட் ரோடு பக்கத்து ரிச்சி ஸ்ட்ரீட்டை எல்லோருக்கும் தெரியும். மற்ற ஊர்களிலும் கம்பெனிகள் கழித்த பெட்டிகளை மொத்தமாக எடுத்து விற்கும் கடைகள் இருக்கின்றன. போகும்போது லினக்ஸ் மின்ட் ஏற்றிய ஒரு பென்டிரைவை எடுத்துப் போங்கள். அதிலிருந்தே பூட் செய்து, பிராசஸர் பெயர், ராம் அளவு, நெட், சத்தம், முன்னும் பின்னும் உள்ள எல்லா யுஎஸ்பி துளைகளும் வேலை செய்கின்றனவா என்று பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பார்க்க விடமாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம்.

பயாஸுக்குள் போய் வருவது முக்கியம். பழைய அலுவலகம் வைத்த பாஸ்வேர்டு அப்படியே இருந்தால் வீட்டுக்கு வந்தபின் பூட் வரிசையைக்கூட மாற்ற முடியாது. பில் வாங்குங்கள், எத்தனை நாள் மாற்றித் தருவார்கள் என்பதை அந்த பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

மிஞ்சிய, ஓடாத பாகங்களை என்ன செய்வது?

காயலான் கடையில் எடைக்குப் போட்டால் ஒயர்களை எரித்துச் செம்பை எடுப்பார்கள். அந்தப் புகையை யாரோ ஒருவர் தினமும் மூச்சில் வாங்குகிறார். அரசு அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சிக்காரர்களிடமே கொடுங்கள். ஓடுகிற ராம், பிராசஸர் என்றால் பக்கத்து பாலிடெக்னிக் பையனுக்குக் கொடுங்கள்.

ஹார்டு டிஸ்க்கை மட்டும் அழிக்காமல் கைமாற்றாதீர்கள். க்விக் ஃபார்மட் போதாது, இலவச மென்பொருளிலேயே டிஸ்க் முழுக்க ஒருமுறை சைபர் எழுதிவிடுங்கள். ஓடாத டிஸ்க் என்றால் மூடியைக் கழற்றி, உள்ளே பளபளக்கும் தட்டைக் கீறி வளைத்துவிட்டுக் கொடுங்கள். சில டிஸ்க்கில் அந்தத் தட்டு கண்ணாடியால் ஆனது, வளைத்தால் நொறுங்கித் தெறிக்கும். அதனால் துணியைச் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.